சாம்பிராணி, குங்கிலியம், போளம்: கொழும்பில் வாங்கிப் பழகும் புதியவருக்கு ஒரு வழிகாட்டி

புறக்கோட்டை கபோஸ் லேனில் உள்ள மருந்துச் சரக்குக் கடையொன்றுக்கு முதன்முறையாகப் போளம் வாங்கப் போனபோது, கடைக்காரர் என்னிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "எந்தப் போளம் தங்கச்சி, வெள்ளையோ கரியதோ?" இரண்டும் ஒரே சரக்கின் இரு தரங்கள் என்று நானாகவே எண்ணிக்கொண்டு, விலை குறைந்ததைத் தாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து தணலில் ஒரு துண்டை இட்டபோது, வாசனைக்குப் பதிலாகத் தொண்டையைக் கமறவைக்கும் கசப்பு நெடிதான் எழுந்தது. கரியபோளம் மரப்பிசினே அல்ல. கற்றாழை மடலை வெட்டும்போது வடியும் மஞ்சள் நிறச் சாற்றைக் காய்ச்சி இறுக்கினால் கிடைப்பது அது; மூசாம்பரம் என்பதும் அதுதான். அடிபட்ட வீக்கத்துக்குப் பற்றுப் போடுவார்கள், உள்ளே கொடுத்தால் கடுமையாக வயிற்றைப் போக்கும். வெள்ளைப்போளமோ ஆபிரிக்காவின் கிழக்கு முனையிலும் அரேபியாவிலும் வளரும் முள்மரமொன்றின் நறும்பிசின். கிறிஸ்து பிறந்தபோது ஞானிகள் கொண்டுவந்த மூன்று காணிக்கைகளுள் ஒன்று.

இந்தத் துறையில் புதியவர் முதலில் தடுக்கி விழும் இடம் பெயர்தான் என்பதால், எதையும் வாங்குவதற்கு முன் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரே தமிழ்ப் பெயருக்குள் மூன்று மரங்கள் இருக்கின்றன, ஒரே மரத்துக்கு மூன்று பெயர்களும் இருக்கின்றன.

முதல் படி: பெயருக்குப் பின்னால் உள்ள மரத்தை அறிதல்

சாம்பிராணி என்று நம் வீடுகளில் சொல்வது, முறையாகப் பார்த்தால், ஸ்டைராக்ஸ் இனத்து மரங்களின் பிசினாகும். சுமாத்திராவின் மேட்டுநிலங்களிலிருந்து ஒரு வகையும், லாவோஸ், வியட்நாம் பகுதிகளிலிருந்து இன்னொரு வகையும் வருகின்றன. பின்னதைச் 'சீயம்' வகை என்பார்கள். பழுப்பு நிறக் கட்டிக்குள் வாதுமைப் பருப்பை உடைத்துப் பதித்ததுபோல் வெண்மையான துண்டுகள் தெரிந்தால் அது நல்ல சரக்கு. வெண்மை மிகுந்ததைப் பால்சாம்பிராணி என்று தனியாக விற்பார்கள். சீயம் வகையில் வனிலாவின் இனிமை தூக்கலாக இருக்கும், சுமாத்திரா வகையில் கறுவாவை நினைவூட்டும் காரம் சற்றுக் கலந்திருக்கும். அரபு வணிகர்கள் இதை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவா நாட்டு லுபான் (லுபான் என்பது அடுத்து வரும் குந்திரிக்கம்), என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் ஐரோப்பிய வாய்களில் தேய்ந்து 'பென்சோயின்' ஆயிற்று. அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சோயிக் அமிலம். அந்த அமிலத்தை 1833 இல் மிட்ஷர்லிக் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் சுண்ணாம்புடன் சேர்த்துக் காய்ச்சி வடித்துப் பெற்ற திரவமே பென்சீன். உயர்தர வகுப்பில் சேதன இரசாயனத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள், வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டில் எழும் புகைக்கும் தங்கள் பாடப் புத்தகத்துக்கும் உள்ள இந்த உறவை அறிந்தால் சற்று ஆறுதல் அடையக்கூடும்.

இந்தச் சரக்கைத் தேடித் தமிழர்கள் வெகுதூரம் போயிருக்கிறார்கள். சுமாத்திராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்பெற்ற பாருஸ் துறைமுகத்தை ஒட்டிய லோபு துவா என்ற இடத்தில், ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088 ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது.

குந்திரிக்கம் அடுத்தது. பொஸ்வெல்லியா இனத்து மரங்களின் பிசின் இது. இந்தியாவில் விளையும் வகையைச் சித்த மருத்துவர்கள் பறங்கிச் சாம்பிராணி என்றும் எழுதுவார்கள். ஓமானின் தோபார் பகுதியிலும் யேமனிலும் சோமாலியாவிலும் கிடைக்கும் வகைகளுக்குத்தான் உலகச் சந்தையில் மதிப்பு அதிகம். தோபாரின் குந்திரிக்க நிலங்களும் அவற்றைச் சார்ந்த பழைய துறைமுகங்களும் 2000 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கொழும்பில் மத்திய கிழக்கிலிருந்து திரும்புபவர்கள் கொண்டுவரும் 'லுபான்' இதுவே. அரபு மொழியில் அந்தச் சொல்லின் வேர் பாலையும் வெண்மையையும் குறிக்கும். அது ஏன் என்பது சோதனைப் பகுதியில் தானாக விளங்கும்.

குங்கிலியம்தான் குழப்பத்தின் தலைமையகம். வட இந்தியச் சால மரத்தின் பிசினும் குங்கிலியம், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரத்தின் பிசினும் குங்கிலியம், முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த கருங்குங்கிலிய மரத்தின் பிசினும் குங்கிலியம். திருக்கடவூர்க் கோயிலுக்குத் தூபமிடுவதற்காக மனைவியின் தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கிய கலய நாயனாரின் கதை எல்லோருக்கும் தெரியும். அவர் வாங்கிய மூட்டையில் இருந்தது இவற்றுள் எது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். இலங்கையில் இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. ஈரவலயக் காடுகளில் வளரும் தூண், ஹல் முதலிய மரங்களின் பிசினைச் சிங்களத்தில் தும்மல என்பார்கள், கொழும்புத் தமிழரும் அந்தப் பெயரையே சொல்கிறோம். சால மரத்தின் குடும்பமே இந்த மரங்களின் குடும்பமும் என்பதால், தும்மலவை நம் நாட்டுக் குங்கிலியம் என்று கொள்வதில் தவறில்லை.

குக்கில் என்பதும் குங்குலு என்பதும் ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும், போளத்தின் உறவுக்காரச் செடியொன்றின் பிசினாகும். பிசினுக்காக ஆழமாகக் கீறிக் கீறி அந்தச் செடியையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 2015 இல் அது மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டது. வாசனைப் பயிற்சிக்காக இதை வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை.

இரண்டாம் படி: சிறிதளவு வாங்குதல்

முதல் தடவை ஐம்பது கிராம் சாம்பிராணி, ஐம்பது கிராம் குந்திரிக்கம், இருபத்தைந்து கிராம் வெள்ளைப்போளம், ஒரு கைப்பிடி தும்மல ஆகியவை போதும். தூளாக எதையும் வாங்க வேண்டாம், கட்டியாகவே கேளுங்கள். தூளுக்குள் மரத்தூளைக் கலக்கலாம், கட்டிக்குள் கலப்பது கடினம். வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் உள்ள பூசைப் பொருட் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் கப் சாம்பிராணிகள் கரித்தூள், மரத்தூள், செயற்கை வாசனை ஆகியவற்றின் கூட்டாகவே பெரும்பாலும் இருக்கும். வீட்டுக்கு அவை வசதியானவைதான், கற்பதற்கு மட்டும் பயன்படா. மருந்துச் சரக்குக் கடைகளே நமக்கு ஏற்ற இடம். அங்கே பெயரைத் தமிழில் சொல்லி, சிங்களத்திலும் சொல்லி, பிறகு ஒரு துண்டைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டே நிறுக்கச் சொல்ல வேண்டும். காலை வேளையில் கூட்டம் குறைந்திருக்கும்போது போனால், நல்ல கடைக்காரர் தாமாகவே இரண்டு மூன்று டப்பாக்களைத் திறந்து காட்டுவார். ஐந்து மணிக்குப் போய் அந்த மரியாதையை எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாம் படி: உண்மைச் சரக்கா என்று சோதித்தல்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்பது என் கருத்து. மரங்கள் கசியவிடும் பொருள் இரண்டு வகைப்படும். தண்ணீரில் கரைவது கோந்து. தண்ணீரில் கரையாமல் மதுசாரத்தில் கரைவது பிசின். சாம்பிராணியிலும் தும்மலவிலும் பிசின்தான் உண்டு, கோந்து இல்லையென்றே சொல்லலாம். குந்திரிக்கத்திலும் போளத்திலும் இரண்டும் கலந்திருக்கின்றன. போளத்தில் கோந்தின் பங்கு பாதியளவுக்குக்கூடப் போகும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், சோதனைகளும் பின்னர் வரும் வாசனைத் தயாரிப்பும் எளிதாகிவிடும்.

ஒரு வெள்ளைக் கோப்பையில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, பட்டாணி அளவு குந்திரிக்கத் துண்டை அதில் போட்டுக் கரண்டியின் அடிப்பக்கத்தால் தேயுங்கள். சில நிமிடங்களில் தண்ணீர் நீர்த்த பாலைப்போல் வெளுக்கும். கோந்து கரைந்து, கரையாத பிசின் துகள்களைத் தண்ணீருக்குள் மிதக்கவிடுவதால் இந்தப் பால் நிறம் வருகிறது. லுபான் என்ற பெயருக்கு உள்ள பொருள் உங்கள் கோப்பையிலேயே தெரியும். அதே சோதனையைச் சாம்பிராணிக்கோ தும்மலவுக்கோ செய்தால் தண்ணீர் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். குந்திரிக்கம் என்று சொல்லித் தந்த துண்டு தண்ணீரை வெளுக்கச் செய்யவில்லையென்றால் அதைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது.

இரண்டாவது சோதனை பல்லில். சிறு துண்டைக் கடித்தால் நல்ல குந்திரிக்கம் முதலில் பொடிந்து, பிறகு சூயிங்கம்போலத் திரண்டு வெண்மையாகும். சாம்பிராணிக்கும் குங்கிலியத்துக்கும் பதிலாக விற்கப்படும் பைன் மரப்பிசின், அதாவது ரோசின், டர்பன்டைன் நெடியோடு நொறுங்கும். மூன்றாவது சோதனை நெருப்பில்: ஊசிமுனையில் ஒரு துணுக்கைக் குத்தித் தீயில் காட்டினால் ரோசின் கரும்புகை கக்கி, பைன் எரியும் வாடை வீசும். ஒரு முறை பொன்னிறமாகப் பளபளத்த ஒரு பொட்டலத்தை முதல்தரக் குங்கிலியம் என்று நம்பி வாங்கி, அதைக் கோயிலுக்கும் கொடுத்து, குருக்கள் ஐயா இருமத் தொடங்கிய பிறகுதான் அது ரோசின் என்று எனக்குத் தெரிந்தது. பொருள் கண்ணாடிபோல் ஒரேசீராக, தூசி துரும்பு எதுவுமில்லாமல் மின்னினால் மகிழ்ச்சி அடையாமல் சந்தேகப்பட வேண்டும். மரத்திலிருந்து சுரண்டி எடுத்த பொருளில் பட்டைத் துணுக்குகள் ஒட்டியிருப்பது இயல்பு.

நான்காம் படி: புகையில் பழகுதல்

சிரட்டைக்கரியைப் பற்றவைத்து, கறுப்பு முற்றாக மறைந்து சாம்பல் பூக்கும்வரை காத்திருங்கள். புதியவர் செய்யும் பிழை, செந்தணலின் மேலேயே பிசினைக் கொட்டுவது. அப்படிச் செய்தால் நல்ல வாசனை முதல் அரை நிமிடத்தில் போய்விட, எஞ்சிய நேரமெல்லாம் கருகல் நெடிதான் வரும். தணலின் மேல் விரல் தடிப்புக்குச் சாம்பலைப் பரப்பி, அதன்மேல் மிளகளவு துண்டை வைத்தால், பிசின் உருகிக் கொதித்து மெல்லப் புகையும். வெண்சாம்பிராணித் துண்டு முதலில் வியர்த்ததுபோல் மினுங்கி, பிறகு சுருங்கி, ஓரத்தில் சிறு குமிழிகள் விடும். அந்தக் குமிழி கட்டும் நேரத்தில் வரும் மணமே அதன் உண்மையான மணம். ஒவ்வொரு பிசினையும் தனித்தனி நாளில் எரித்து, தோன்றியதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரே நாளில் நான்கையும் எரித்தால் மூக்கு மரத்துவிடும்.

தும்மலவைத் தூளாக்கித் தீச்சுவாலையின் மேல் தூவவே கூடாது. சிங்களவரின் தொவில் சடங்குகளில் ஆட்டக்காரர் பந்தத்தின் மேல் எறிந்து தீப்பிழம்பை எழுப்புவது இந்தத் தூளைத்தான். அடுக்குமாடி வீட்டின் திரைச்சீலைக்கு அருகில் அந்த வித்தை வேண்டாம். கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு வெளிவரும் என்பதால் யன்னல் திறந்திருக்க வேண்டும். தொய்வு உள்ளவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் அறையில் புகை போடாதீர்கள். பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தையின் தலைமுடிக்குச் சாம்பிராணி காட்டும் வழக்கம் எத்தனை தலைமுறைப் பழையதாயினும், பிஞ்சு நுரையீரலுக்குப் புகை புகைதான்.

ஐந்தாம் படி: வாசனைத் திரவியத்தில் சேர்த்தல்

வாசனைத் தயாரிப்பில் பிசினின் வேலை இரண்டு. ஒன்று, தனக்குரிய கனத்த, இனிய அடிமணத்தைத் தருவது. மற்றது, தோடை, மல்லிகை போன்ற விரைவில் பறந்துவிடும் மணங்களைப் பிடித்து நிறுத்துவது. பிசினில் உள்ள பாரமான மூலக்கூறுகள் இலேசானவை ஆவியாகும் வேகத்தைக் குறைக்கின்றன. இதற்குச் சாம்பிராணியை மிஞ்சிய சரக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

முறைப்படி செய்வதென்றால், இருபது கிராம் சாம்பிராணியை நொறுக்கி எண்பது கிராம் தூய மதுசாரத்தில் இட்டு, கண்ணாடிப் போத்தலில் மூடி, நாளுக்கு ஒரு முறை குலுக்கி, மூன்று நான்கு வாரங்கள் இருட்டில் வைத்து, கோப்பி வடிதாளில் வடிக்க வேண்டும். அளவுகளைக் கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுங்கள். நம் நாட்டில் இதிலுள்ள சிக்கல், தூய மதுசாரம் மதுவரித் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள் என்பதுதான். கடையில் போய் ஒரு போத்தல் கேட்டு வாங்கும் பொருள் அது அல்ல. அதற்குப் பதிலாக மாமா அலுமாரியில் வைத்திருக்கும் சாராயத்தைத் தேடிப் போக வேண்டாம். அதில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் சாம்பிராணி சரியாகக் கரையாது, கரைந்த சிறிதளவும் கலங்கிப் படியும். மெதனோல் கலந்த மெதிலேற்றட் ஸ்பிரிட் தோலில் பூசும் பொருளுக்கு ஆகாது.

ஆகவே கொழும்பில் தொடங்குபவருக்கு எண்ணெய் வழியையே பரிந்துரைப்பேன். இருபது கிராம் குந்திரிக்கத்தைக் கால் மணிநேரம் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து எடுத்தால், பிசுபிசுப்பு அடங்கி உரலில் எளிதாகப் பொடியும். அந்தப் பொடியைக் கண்ணாடிச் சாடியில் நூறு மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயோடு கலந்து, சாடியைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி, தண்ணீர் கொதிக்காதபடி மிகச் சிறிய தீயில் மூன்று மணிநேரம் வைக்க வேண்டும். இடையிடையே மரக்குச்சியால் கிளறிவிடுங்கள், சாடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக் கூடாது. பின்பு மெல்லிய மல்துணியில் வடித்து ஓர் இரவு தெளியவிட்டால், பிசினில் கரையக்கூடிய பகுதி எண்ணெயில் சேர்ந்திருக்கும், கோந்து அடியில் களியாகத் தங்கியிருக்கும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ இருபத்து நான்கு பாகைக்குக் கீழேதான் உறையும் என்பதால் கொழும்பில் இது பெரும்பாலும் திரவமாகவே இருக்கும். நுவரெலியாவுக்குப் பரிசாக அனுப்பினால் மட்டும் கட்டியாகிவிட்டது என்று முறைப்பாடு வரும். இந்த எண்ணெயில் சில துளி சந்தன அத்தரோ மல்லிகை அத்தரோ சேர்த்தால் மணிக்கட்டில் பூசத்தக்க ஒரு வாசனை கிடைக்கும். மணம் கடைப் போத்தல்போல் அறையை நிரப்பாது, பக்கத்தில் வருபவருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

எந்தக் கலவையையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி பூசி ஒரு நாள் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். சாம்பிராணி சிலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தரும். சாம்பிராணியைப்போலவே மணக்கும் பெரு பால்சம் என்ற பொருள், அது பெரு நாட்டிலிருந்து அல்லாமல் எல் சல்வடோரிலிருந்து வருவது, ஒவ்வாமை காரணமாகவே கச்சா வடிவில் வாசனைத் தொழிலின் சர்வதேச விதிகளால் விலக்கப்பட்டுள்ளது.

ஆறாம் படி: மருந்து என்று வரும்போது நிதானித்தல்

மேலைநாட்டு மருத்துவத்திலும் சாம்பிராணிக்கு இடம் உண்டு. சாம்பிராணியோடு கரியபோளம் முதலியவற்றை மதுசாரத்தில் கரைத்த டிங்சர் பென்சோயினை, மூக்கடைப்புக்கு ஆவி பிடிப்பதற்கும், பிளாஸ்டர் நன்றாக ஒட்டுவதற்காகத் தோலில் பூசுவதற்கும் பயன்படுத்துவர். ஆவி பிடிக்கும்போது தண்ணீர் சூடாக இருக்க வேண்டுமேயன்றி அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கக் கூடாது, அருகில் தீயும் இருக்கக் கூடாது. சிறு பிள்ளைகள் அந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்துச் சுட்டுக்கொள்வது வீடுகளில் நடக்கும் விபத்து.

சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய் என்ற பூச்சு மருந்து புகழ்பெற்றது. குங்கிலியத் தூளை நல்லெண்ணெயில் இளஞ்சூட்டில் உருக்கி, வடித்து, ஆறியபின் தண்ணீர் விட்டுக் கையால் கடைந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி மீண்டும் புதுத் தண்ணீர் விட்டுக் கடைவார்கள். பல தடவை கழுவக் கழுவ, பழுப்பாக இருந்த எண்ணெய் திடீரென்று வெளுத்து, வெண்ணெயைப்போல் கையில் திரளும். தீப்புண்ணுக்கும் ஆறாப் புண்ணுக்கும் இதைப் போடும் வழக்கம் உண்டு. செய்முறையைப் பார்ப்பது ஒரு காட்சி இன்பம்தான், ஆனாலும் திறந்த புண்ணில் போடுவதற்கு வீட்டுத் தயாரிப்பை நம்பாதீர்கள். 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்கள் கொழும்பில் இருக்கும்போது அந்த ஆபத்தை மேற்கொள்ளத் தேவையில்லை.

குந்திரிக்கத்துக்கு மூட்டுவலியைச் சிறிதளவு தணிக்கும் ஆற்றல் இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன, அதற்குக் காரணம் பொஸ்வெலிக் அமிலங்கள் என்று கருதப்படுகிறது. இதைப் படித்துவிட்டுப் பலர் குந்திரிக்க எண்ணெய்ப் போத்தலை வாங்கி முழங்காலில் தேய்க்கிறார்கள். பொஸ்வெலிக் அமிலங்கள் ஆவியாகாத பாரமான மூலக்கூறுகள். காய்ச்சி வடித்த எண்ணெயில் ஆவியாகும் பகுதி மட்டுமே வரும் என்பதால், அவை வடிகலத்தின் அடியில் தங்கிவிடுகின்றன. மணத்துக்குரிய பகுதி வேறு, மருந்துக்குரிய பகுதி வேறு. கர்ப்பிணிகள் போளத்தையும் குக்கிலையும் உட்கொள்ளக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் தைரொயிட் மருந்து எடுப்பவர்களும் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம். கற்பூரத்தை எந்த வடிவிலும் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், அதை விழுங்கினால் வலிப்பு வரும்.

அகிலைப் பற்றி

சிறிது பழகியவுடன் எல்லோருக்கும் அகில் மீது ஆசை வரும். பூஞ்சை தாக்கிய காயத்துக்கு மறுமொழியாக மரம் தன் கட்டைக்குள்ளேயே சுரந்து நிரப்பும் பிசின்தான் அகிலின் மணம். இலங்கையில் அகிலுக்கு உறவான வல்லப்பட்டை மரம் வளர்கிறது, கட்டுநாயக்கவில் பயணப் பொதிக்குள் பிடிபட்ட செய்திகளில் நீங்கள் படிப்பது அதைத்தான். இந்த மரங்களின் சர்வதேச வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது, உரிய அனுமதியின்றி வல்லப்பட்டையை வெட்டுவதும் வெளியே கொண்டுபோவதும் குற்றம். யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வாங்கியவற்றை வைப்பது

கொழும்பின் ஈரக்காற்றில் காகிதப் பொட்டலம் இரண்டு வாரம் தாங்காது. போளம் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். சாம்பிராணித் துண்டுகள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிச் சாடிகளில், அடுப்பிலிருந்து தள்ளி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு சாடியிலும் பெயரையும் வாங்கிய மாதத்தையும் கடையையும், தண்ணீர்ச் சோதனையில் வெளுத்ததா இல்லையா என்பதையும் எழுதி ஒட்டுங்கள். என் அலுமாரியின் கடைசித் தட்டில் "கரியபோளம், எரிக்காதே" என்று எழுதிய அந்த முதல் சாடி இன்னும் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கால் பிசகினால் அதிலிருந்து ஒரு துண்டு வாங்கிப் போவார்.